லைன் அறுந்த இடைவெளியில்

"வீட்ல கூப்பிடுற பேரு ஒல்லி. வயசு இருபத்துமூணு. இருக்கிறது ஒரு பழைய வீட்டோட பேஸ்மென்ட்ல. ஜன்னல்ல எட்டிப் பார்த்தா தெருவுல போறவங்க செருப்பு மட்டும்தான் தெரியுது."

புது அறைக்கு வந்ததும், பெட்டியைக்கூடப் பிரிக்காமல், ஒல்லி மைக்கைத்தான் சோதித்துப் பார்த்தான். வேலை பார்க்கும் கிடங்கில் சரக்கு விழுந்து வலது கையில் கட்டு. தட்டச்சு செய்ய முடியாது. பேசப் பேச எழுத்தாகும் வசதியை லேப்டாப்பில் போட்டு, அந்த வரிகளைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினான்.

"செருப்புக் கடைக்குள்ள குடிபோயிட்டியா?" என்று அக்கா பதில் போட்டாள்.

அறையில் ஈரத்துணியை மூடிவைத்த வாடை. சுவர் உப்பிப்போய், தொட்டால் உதிர்ந்தது. செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. தெருவுக்கு ஏறினால்தான் வரும். ஆனால் வாடகையோடு இன்டர்நெட் உண்டு என்றிருந்தார் வீட்டுக்காரம்மா. அதற்காகவே இங்கே வந்தான்.

அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பேச்சு போய்விட்டது. "இனி அதிக நாள் இல்ல. பிடிச்சவங்க குரல் காதுல விழுந்துட்டே இருக்கட்டும்" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். யார் கூப்பிட்டாலும் அசையாத அந்தக் கண்கள் ஒல்லியின் குரலுக்கு மட்டும் திரும்பும். அவனுக்கோ இந்த வெளிநாட்டில் தங்குவதற்கான பேப்பர் இன்னும் கைக்கு வரவில்லை. இப்போது ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது; அவன் சம்பளம் நின்றால் அப்பாவுக்கு மருந்து நிற்கும்.

அதனால் வீட்டில் ஒரு ஏற்பாடு. தலையணை ஓரம் அக்காவின் போனைச் சாய்த்து வைத்து, வீடியோ காலை நாள் முழுக்க ஓடவிடுவார்கள். லைன் அறுந்தால் யாரும் கட் செய்யக் கூடாது. படம் உறைந்து நின்றாலும் போன் அங்கேயே இருக்கும். அவன் மறுபடி வந்து ஒட்டிக்கொள்வான்.

இந்த அறையில் லைன் ஓயாமல் அறுந்தது. வரும், போகும். "அப்பா, நான்தான்" என்று தொடங்குவதற்குள் படம் உறைந்துவிடும்.

கிடங்கில் கூட வேலை பார்க்கும் சீனியர் மத்தியானம் வந்தார். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

"கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன்னு வைஃபை கார்டு தூங்கிடும்டா. நம்ம சூப்பர்வைசர் மாதிரி. தட்டி எழுப்பணும்."

மின்சேமிப்பை அணைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. அறுந்தது. வைஃபையே வேண்டாமென்று ரூட்டரிலிருந்து நேராகக் கேபிள் இழுத்தார்.

அதிலும் அறுந்தது.

"நெட்வொர்க்ல ஒரே அட்ரஸ ரெண்டு மெஷின் எடுத்துக்கிட்டா இப்படி ஆகும். கொஞ்ச நேரம் உனக்குப் போகும், கொஞ்ச நேரம் அதுக்குப் போகும். தபால்காரன் பாவம், யார் வீட்ல குடுப்பான்?"

தன் லேப்டாப்பை எடுத்து ஒல்லியின் முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு பதில்கள் வந்தன.

"பாத்தியா, மாட்டிக்கிட்டான். இப்ப உன்னோடத அணை."

ஒல்லி அணைத்தான். திரை கறுத்தது. கேபிளையும் உருவினான்.

பதில் வந்தது.

ஒன்று மட்டும்.

சீனியர் திரைக்கு அருகில் குனிந்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் அதைச் செய்யும்போதே ஒரு நம்பர் பதிந்துவிடுவார்கள். எந்தப் பதிலோடும் அந்த நம்பரும் சேர்ந்து வரும். இப்போது வந்திருந்தது ஒல்லியின் லேப்டாப்புடைய நம்பர். அணைந்து, கறுத்து, அவன் மடியில் கிடந்த அதே லேப்டாப்.

பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக வந்துகொண்டிருந்தன. ஈரவாடை தொண்டை வரை ஏறியது.

"எனக்கு ஷிப்ட் இருக்குடா" என்று சீனியர் எழுந்தார்.

அன்று அவருக்கு ஷிப்ட் இல்லை என்பது ஒல்லிக்குத் தெரியும்.

அவர் போனபின் கேபிளை மாட்டி, லேப்டாப்பைப் போட்டு, வீடியோ காலில் சேர்ந்தான். அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது. அழுது சிவந்த, ஆனால் சிரிக்கிற முகம்.

"ஏன்டா பாதியில நிறுத்திட்ட? அப்புறம் அந்த மீன் என்ன ஆச்சு?"

"எந்த மீன்?"

"அம்மாவுக்குத் தெரியாம நீயும் அப்பாவும் தண்ணித்தொட்டியில விட்ட மீன். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். திருட்டுப் பசங்களா."

அந்த மீனைப் பற்றி ஒல்லி யாரிடமும் சொன்னதில்லை.

"அக்கா, இவ்வளவு நேரம் எனக்கு லைனே இல்ல. லேப்டாப்பே அணைஞ்சிருந்துச்சு."

"சும்மா இரு. முகம் கொஞ்சம் இருட்டா இருந்துச்சு, அவ்வளவுதான். பேசினது நீதான்."

"கட் பண்ணு அக்கா. இனிமே லைன் போச்சுன்னா உடனே கட் பண்ணிடு."

"நல்லா இருக்கே. அப்பா இன்னிக்குத்தான் விரலை அசைச்சிருக்காரு. கட் பண்ணணுமாம்."

படம் உறைந்தது.

ஒல்லி மாடிக்கு ஓடினான். வீட்டுக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த நெட்ட வேற யாரு யூஸ் பண்றாங்க?"

"மேல எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? கீழ இருக்கிறவங்களுக்குத்தான் போட்டது." மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார். "முன்ன இருந்த பையனும் இதையேதான் கேட்டான்."

"அவன் எங்க இப்ப?"

"ஆளைக் காணோமேன்னு அவங்க வீட்டுக்குப் போன் போட்டேன். ஊருக்கு வந்துட்டான், நல்லா இருக்கான், பக்கத்துலதான் உக்காந்திருக்கான்னு சொன்னாங்க." குரலைத் தாழ்த்தினார். "அவன் கோட்டு, பாஸ்போர்ட்டு, மூக்குக்கண்ணாடி எல்லாம் இங்கேயே கிடக்கு தம்பி. கண்ணாடி இல்லாம அவனுக்கு வாசப்படியே தெரியாது."

ஒல்லி படியிறங்கினான். பாதிப் படியிலேயே கீழிருந்து அம்மாவின் குரல் கேட்டது. லைன் வந்திருந்தது.

"அப்பா பேசிட்டாருடா. வாயைத் திறந்து பேசிட்டாரு. 'வந்துட்டியா'ன்னு கேட்டாரு."

"யாரைம்மா கேட்டாரு?"

"உன்னைத்தான். வாசல்ல நிக்கிறேன், கதவத் திறங்கன்னு நீ சொன்னியே. இப்படி ஆசை காட்டாதடா கண்ணா. உடம்பு தாங்காது."

"நான் சொல்லலம்மா. நான் இங்க இருக்கேன். பாரு, இங்க இருக்கேன்."

அந்தப் பக்கம் கதவு தட்டப்படும் ஓசை கேட்டது. மெதுவாக, பழகிய கை தட்டுவது போல.

"அம்மா, திறக்காத."

அம்மா திரையைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் எத்தனையோ காலமாகக் கண்டதில்லை.

படம் உறைந்தது.

செல்போனை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவுக்கு ஏறினான். அம்மாவின் நம்பர். மணி அடித்தது. அக்கா எடுத்தாள்.

"அக்கா, நான்தான்."

"யாரு?"

"ஒல்லி."

பின்னால் பாத்திர ஓசை, அம்மாவின் சிரிப்பு, ஒரு ஆண்குரல்.

"யாருங்க நீங்க? என் தம்பி இப்பதான் வந்து அப்பா பக்கத்துல உக்காந்து சாப்பிடுறான். நோயாளி இருக்கிற வீட்ல வந்து விளையாடாதீங்க."

அதற்குப்பின் அந்த நம்பர் போகவில்லை.

அவன் கீழே வந்தபோது லைன் சீராக இருந்தது. ஒரு அறுபடல் இல்லை, ஒரு தாமதம் இல்லை. போன் இன்னும் தலையணை ஓரத்தில்தான் இருந்தது. அப்பாவின் முகம் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்தது.

"அப்பா" என்றான்.

கண் திரும்பவில்லை.

"அப்பா, நான்தான். இங்க பாருங்க."

அப்பா வேறு யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கச் சிரிக்க நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. உதடு நீலமானது. சிரிப்பு மட்டும் மாறவில்லை.

ஒல்லி கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான்.

ஒரு கை குறுக்கே நீண்டு, போனைக் கவிழ்த்து வைத்தது.

திரை இருண்டது. லைன் அறுபடவில்லை. அந்த இருட்டில், மைக்குக்கு மிக அருகில், யாரோ மூச்சு விடுகிறார்கள். ஒல்லி மூச்சை அடக்கிப் பார்த்தான். அதுவும் அடங்கியது.

அவன் பேசினான். எழுத்துகள் ஓடின. குடும்பக் குழுவில் அவன் இல்லை, நீக்கியிருந்தார்கள். லேப்டாப்பில் இருந்த அத்தனை மின்னஞ்சல் முகவரிகளுக்கும் அனுப்பினான்:

"இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, எங்க வீட்டுக்கு ஒரு தடவை போங்க. அங்க இருக்கிறவன்கிட்ட பேச வேண்டாம். அம்மாவையும் அக்காவையும் மட்டும் வெளிய கூட்டிட்டு வந்துடுங்க."