முதலில் இறங்கிய கட்டில்

நிலைப்படியில் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள்.

நாகஜோதி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருப்பரங்குன்றத்தில், அடுப்படி ஜன்னலில் மலை தெரிகிற மாதிரி அவளும் புருஷன் சூரியபிரகாஷும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. நாளை விடியற்காலையில்தான் பால் காய்ச்சுகிறார்கள். சென்னையிலிருந்து அவன் ராத்திரி ரயிலில்தான் வருகிறான். நிலைக்குப் பூச வேண்டிய மஞ்சள்தூள் இன்னும் பிரிக்காமல் அவள் கைப்பையில் இருந்தது.

வீட்டுச் சாமானைக் கட்டி ஏற்றுகிற பேக்கர்ஸ்காரன் வேலையாகத்தான் இருக்கும். அந்தக் கம்பெனிக்கு சூப்பர்வைசர் என்று ஒருவன், ராம்கி. காதில் புளூடூத், கழுத்தில் அடையாள அட்டை, மண்டைக்குள் மட்டும் ஒன்றும் கிடையாது. "எங்களுது டிவைன் பேக்கிங்க்கா, சாமி படத்தத் தொடுறதுக்கு முன்னாடி கையக் கழுவிருவோம்" என்று அளந்துவிட்டு, சாமி படத்தையும் செருப்பையும் ஒரே டப்பாவில் போட்டுக் கட்டிய புண்ணியவான். பால் காய்ச்சுகிற வரைக்கும் ஒரு துரும்புகூட உள்ளே போகக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாடு மாதிரித் தலையை ஆட்டினான். நாளைக்கு முகூர்த்த நாள், வண்டி கிடைக்காது என்று இன்றைக்கே சாமானை ஏற்றி, அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே இறக்கியும்விட்டு, "வேலை முடிஞ்சது" என்று மெசேஜ் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து பழங்காநத்தத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்பாதியில் காலம் தள்ளியவள். வீட்டுக்காரி பாண்டியம்மாள்கூடப் பரவாயில்லை. பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்த அவள் அக்கா மலையம்மாள்தான் பெரிய தொல்லை. மோட்டாரை யார் போட்டது, கொடியில் யார் துணி என்று நாளெல்லாம் கேள்வி. பேசவே மாட்டாள் சில நாள். அங்கே போ, இதை எடு என்று விரலை மட்டும் நீட்டுவாள். நாகஜோதி வீடு கட்டுகிற சேதி தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "மொதல்ல பாலக் காச்சுறவதான் வீட்டுக்காரி. எனக்குத்தான் அந்தக் குடுப்பின இல்ல. தங்கச்சி வீட்டு மூலையிலயே கெடந்து சாகணும்னு எழுதியிருக்கு."

அப்படியேதான் செத்தாள். செத்த நட்சத்திரம் ஆகாதது என்று அந்த அறையை ஆறு மாதத்துக்கு அடைத்துப் பூட்டு போட்டார்கள். அடைப்பு முடிகிற வரைக்கும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும் என்று பாண்டியம்மாள் தினமும் பொழுது சாய்ந்ததும் பூட்டின கதவுக்கு முன்னால் விளக்கு வைப்பாள். இன்றைக்கு அவளும் காதுகுத்துக்கு உசிலம்பட்டி போய்விட்டாள். படிக்காத ஜனங்களின் கூத்து என்று நாகஜோதி அந்த விளக்கை வேண்டுமென்றே தாண்டித் தாண்டி நடந்தவள்தான்.

கதவைத் தள்ளினாள். பொழுது சாய்ந்திருந்தது; மின்சாரமும் இல்லை. பிரித்துப்போட்ட, மிதித்தால் வெடிக்கிற பபிள் ஷீட்டைப் பொறுக்கி எடுக்கக்கூட அந்தத் தடியன்களுக்கு நேரமில்லை. கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் தரையெல்லாம் விரிந்து கிடந்தது. புதுப் பெயிண்ட் வாசனைக்கு அடியில், ஈரத்துணியும் நீலகிரித் தைலமும் கலந்த ஒரு பழைய வாடை, மூடிவைத்த பெட்டியைத் திறந்ததும் வருமே, அப்படி வந்தது.

கூடத்தில் அவள் சாமான் ஒன்றுமே இல்லை. செல்போன் வெளிச்சத்தில் தேடியபோது, ஸ்டோர் ரூமாகக் கட்டிய பின்பக்கத்துச் சின்ன அறைக்குள் பீரோ, மெத்தை, டப்பாக்கள் எல்லாம் கூரை வரைக்கும் அடைந்து கிடந்தன. நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம் மட்டும் விட்டிருந்தார்கள். இதுகளையெல்லாம் நம்பி ரெண்டு வீட்டுச் சாவியையும் கொடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பியபோதுதான் பார்த்தாள். கூடத்து ஜன்னலோரம், நல்ல காற்று வருகிற இடத்தில், ஒரே ஒரு கட்டில். இரும்புக் கட்டில். அவளுடையது இல்லை.

அடுப்படிப் பக்கம் பபிள் ஷீட் வெடித்தது. தொப். அப்புறம் ஒன்றுமில்லை. காற்றாக இருக்கும்.

ராம்கிக்குப் போன் போட்டாள். "நடுவீட்டுல ஒரு கட்டில் கெடக்கே, யாரு வீட்டுதுய்யா?"

"உங்களுதுதான்க்கா. அந்தப் பின்னறையில இருந்தது."

"அது பூட்டின ரூமுய்யா! உடைச்சியா?"

"பூட்டா? தொறந்துதானக்கா கெடந்துச்சு. அதையும் எடுக்கணுமான்னு போன்ல கேட்டேன்ல? வீட்டுல இருக்கதையெல்லாம் எடு, ஒவ்வொண்ணுக்கும் என் உசுர வாங்காதன்னு நீங்கதான வஞ்சீங்க."

சொன்னாள்தான். வகுப்பு வாசலில் நின்று, அவன் என்ன கேட்டான் என்று காதில்கூட வாங்காமல் சொன்னாள். முட்டாள் கேட்பதை யார் காதில் வாங்குவார்கள்?

தொப். வெடிப்பு. தொப்.

ஒரு கால் அடுத்த கால் என்று நடக்கிற சத்தமில்லை. இரண்டு காலும் ஒன்றாக விழுகிற சத்தம்.

"அந்தம்மாதான்க்கா நின்னு எல்லாத்தையும் காட்டுனாங்க" என்றான் ராம்கி. "கட்டில்தான் மொதல்ல எறங்கணும்னு ஒரே சைகை. பல்வலி போல, தாடையச் சுத்தித் துணி கட்டியிருந்தாங்க. நடக்க மாட்டாம இருந்தாங்க, பாவம். கட்டிலோட சேத்துத் தூக்கிட்டு வந்துட்டோம். வரும்போது மஞ்சத்தூளும் பால் பாக்கெட்டும் வாங்கிக் குடுத்தோம். உங்க அம்மாதானக்கா?"

அவள் அம்மா செத்து வெகுநாளாகிறது.

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் அப்போது பால் காய்கிற வாசனை வந்தது. அவள் அடுப்படியில். அவள் வீட்டில். பயத்தையும் மீறி அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இது என் வீடு. என் கை காய்ச்ச வேண்டிய பால்.

பபிள் ஷீட்டை மிதித்துக்கொண்டு போனாள். டப். டப். டப்.

அடுப்படி வாசலில் நின்றாள்.

மேடையில் செங்கல் அடுக்கி, பேக்கிங் அட்டையைக் கிழித்து எரித்திருந்தது. தீ வெளிச்சம். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

அதன் முன்னால் மலையம்மாள்.

மூக்கில் பஞ்சு. தாடையை இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய துணியின் முனை, பாலில் நனைந்து தரையில் கிடந்தது.

தொப். திரும்பினாள்.

ஒரு டம்ளர் பாலை நாகஜோதியிடம் நீட்டினாள். வாங்கியது தன் கைதான் என்பது, சூடு சுட்ட பிறகுதான் நாகஜோதிக்குத் தெரிந்தது. பின்னால் வாசல் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பிறகு மலையம்மாள், குடிவந்தவளுக்கு இடம் காட்டுகிற வீட்டுக்காரியைப்போல, பின்பக்கத்துச் சின்ன அறையை நோக்கி விரலை நீட்டினாள்.