ஐம்பதில் மூளும்

இன்னாசியும் சந்தியாகுவும் நாலாவது முறையாகக் கட்டித் தழுவி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். செவ்வாய்ச் சுரங்கக் குடியிருப்பில் அடிதடி முடிந்தால் தழுவியே ஆக வேண்டும், அது விதி. அரை நிமிடம்கூட ஆகவில்லை, இன்னாசியின் முன்பல் தெறித்துத் தரையில் விழுந்தது.

அவன் அக்கா வியாகுலமேரி பதறிக்கொண்டு முன்னால் வந்தாள். இன்னொரு சுற்று போனால் தம்பி பிழைக்க மாட்டான்.

இத்தனைக்கும் எல்லார் பிடரியிலும் சினநிலைப்பி என்ற கருவி இருந்தது. கோபம் அறுபது டிகிரியைத் தொட்டதும் அணைத்துவிடும், இனிக் கொலையே நடக்காது என்று நிர்வாகம் மார்தட்டிக்கொண்டது. மார்தட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

ரத்தம் வழிய இருவரும் மறுபடி ஓய்ந்தார்கள். "ம்... கட்டிப்பிடிங்கல!" என்று மேற்பார்வையாளர் அதட்டினார். தழுவினார்கள். இன்னாசியின் பிடரியில் 'டிக்' என்றது. அடுத்த நொடி குத்து விழுந்தது.

குடியிருப்பின் கெய்சர்களைப் பழுது பார்ப்பவள் வியாகுலமேரி. அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி. கெய்சர் அறுபதில் அணையும். தண்ணீர் ஐம்பதுக்கு ஆறினால் 'டிக்'கென்று தானே மூண்டு மறுபடி அறுபதுக்கு ஏற்றும். சும்மா விட்டால் ஆற மணிக்கணக்காகும், குழாயைத் திறந்துவிட்டால் சட்டென்று ஆறிவிடும். நிர்வாகத்துப் பாவிகள் அதே மின்சுற்றைத்தான் எல்லார் கழுத்திலும் வைத்திருக்கிறார்கள். இங்கே மன்னிப்புதான் திறந்த குழாய்.

அவர்கள் மறுபடி ஓய்ந்ததும் நடுவில் பாய்ந்தாள்.

"தொடாதீங்கல! எவனாவது மன்னிப்பு கேட்டா மண்டைய உடைச்சிருவேன்! ஏல இன்னாசி, தண்டச்சோறு, உனக்கெல்லாம் எதுக்குல மீசை? சந்தியாகு, நீயும் ஒரு ஆம்பளையால?"

இருவரும் அவளை முறைத்தார்கள். ஆனால் கை நீளவில்லை. அவர்கள் கோபம் ஆறாமல் ஐம்பத்தைந்திலேயே நிற்கட்டும் என்று, சந்தியாகுவை மருத்துவர் கூட்டிப்போகும்வரை அவள் வாய் ஓயவில்லை. கத்தக் கத்த அவளுக்கும் நிஜமாகவே கோபம் உச்சிக்கு ஏறியிருந்தது.

"அக்கா, நீ இல்லன்னா இன்னைக்குச் செத்திருப்பேன்," என்றான் இன்னாசி, பல் போன வாயால் இளித்துக்கொண்டு.

அவளுக்கு உள்ளம் உருகிப்போனது. என் ராசா, பிழைத்துவிட்டான்! முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். இவ்வளவு நிம்மதியை இந்தக் கிரகத்துக்கு வந்தபின் அவள் அறிந்ததே இல்லை.

'டிக்' என்றது.

சத்தம் தன் பிடரியிலிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கியபோது, அவள் விரல்கள் தம்பியின் குரல்வளையை நெரித்துக்கொண்டிருந்தன.