கறுப்புக் கட்டத்தில் நின்ற பிஷப்

ஞாயிறு பூசை முடிந்த கையோடு றெஜினோல்ட் சுஹறா டீச்சரின் வீட்டுக்கு வந்துவிட்டார். வேலியில் சாத்திய சைக்கிள் சரிந்து விழுந்ததைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இரிங்க றெஜினோல்ட்," என்று கதிரையை இழுத்துப் போட்டார் சுஹறாவின் கணவர் பக்கீர். சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த பக்கீருக்கு, யாராவது முகம் வாடி வந்தாலே உற்சாகம் பிறந்துவிடும். கல்முனையில் விளங்காத சங்கதி எதையும் பொலிசுக்குக் கொண்டுபோவதற்கு முன் கணக்கு டீச்சரிடம் கொண்டுவருவது அந்த நாளைய வழக்கம். அதில் பாதி வேலை தன்னுடையது என்பது பக்கீரின் நம்பிக்கை.

"என்னைக் கள்ளன் எண்டு சொல்றாங்க டீச்சர்," என்றார் றெஜினோல்ட்.

நடந்தது இதுதான். 1979ஆம் ஆண்டு நகரச் சதுரங்கக் கழகத்தின் இறுதியாட்டம் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலை தொடங்கியது. வெள்ளைக் காய்கள் அரிசி ஆலை மஜீடுக்கு. கறுப்பு, வங்கியில் வேலை பார்க்கும் றெஜினோல்டுக்கு. இருவரும் பல வருடச் சிநேகிதர்கள். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமானதும் பலகையை அப்படியே விட்டு எழுந்தார்கள். அடுத்து ஆட வேண்டியவர் மஜீட். அவர் திரும்பி வந்தபோது காய்கள் மாறி நின்றன.

"என்ட காலாள் வெட்டுற இடத்தில அவன்ட பிஷப் நிக்குது. 'இது இஞ்சயா நிண்டது?' எண்டு ஒரே சத்தம். பொறகு ஒருத்தரும் பலகையைப் பார்க்கல்ல, என்னைத்தான் பார்த்தாங்க. எல்லாரும் பள்ளிக்குப் போன நேரம் நான்தானே மிச்சம்?"

"நீங்க மாடிக்குப் போனீங்களா?" என்று கேட்டார் சுஹறா.

"ஓம். விட்டுட்டு வந்த பேப்பரை எடுக்கப் போனன். பலகைப் பக்கம் திரும்பவே இல்ல. இண்டைக்குப் பின்னேரம் கூட்டம் வச்சு என்னை நீக்கப் போறாங்களாம். நீக்கினா நீக்கட்டும். நேத்து மஜீட் றோட்டில என்னைக் கண்டுட்டு மற்றப் பக்கம் மாறிப் போனான். அதைத்தான் தாங்க ஏலாம இருக்கு."

சுஹறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "பலகை இன்னும் அப்படியே இருக்கா?"

"கழகத் தலைவர் ஹாஜியார் பூட்டி வச்சிருக்கார்."

கழகம் கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. மாடிப்படியின் அடியில் அல்பேட்டின் தேநீர்க்கடை. அவர் கண்ணில் படாமல் யாரும் மேலே ஏற முடியாது. அரையிறுதியில் மஜீடிடம் தோற்ற கவலை அல்பேட்டுக்கு இன்னும் ஆறவில்லை.

"அந்த நேரம் மேல போனது ஆரு?" என்று பக்கீர் முந்திக்கொண்டார்.

"றெஜினோல்ட் ஐயா ஒருக்கா போனவர். அதுக்கு முன்ன ஹாஜியார் தொப்பியை மறந்துட்டன் எண்டு ஓடிவந்து எடுத்துட்டுப் போனவர். வேற ஒரு குருவியும் போகல்ல."

அபூசாலி ஹாஜியார் மர வியாபாரி. கழகத்தின் தலைவர், வெற்றிக் கிண்ணத்தைக் கொடுத்தவரும் அவரே. கதவைத் திறந்துவிட்டபடி அவர் வருத்தத்தோடு சொன்னார்: "றெஜினோல்டை நல்ல பொடியன் எண்டுதான் நினைச்சிருந்தன், டீச்சர். மஜீடுட பிஷப்பை மட்டும் நகர்த்தாம விட்டிருந்தா, அது நேரே முன்னால போய் ராணியத் தூக்கியிருக்கும்."

சுஹறா நிமிர்ந்து அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பலகையின் மேல் குனிந்தார். மஜீடின் எட்டுக் காலாள்களும் உயிரோடு இருந்தன. கறுப்புக் கட்டம் ஒன்றில் அவருடைய பிஷப் தனியே முன்னேறி நின்றது. றெஜினோல்டின் ராணியோ மஜீடின் குதிரை பாயும் கட்டத்தில், காவல் எதுவுமின்றி நின்றுகொண்டிருந்தது.

"பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு எல்லாரும் எங்கட வீட்டுக்கு வாங்க," என்றார் சுஹறா. "பலகையையும் இப்படியே தூக்கிட்டு வாங்க. கூட்டத்தை அதுக்குப் பொறகு வைக்கலாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பக்கீர் ஆட்களை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே வந்தார். முதலில் அல்பேட்; பிறகு மஜீடே; சந்தைக்கு வந்ததும் ஒரு பூனை.

"பூனை காயை விழுத்தும். ஆனா நிமிர்த்தி வைக்காது," என்றார் சுஹறா.

பின்னேரம் றெஜினோல்ட், மஜீட், அல்பேட், ஹாஜியார் நால்வரும் வந்தார்கள். மஜீட் றெஜினோல்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"மஜீட், இந்தக் குதிரையால நீங்க எதை வெட்டலாம்?" என்று கேட்டார் சுஹறா.

மஜீட் வேண்டாவெறுப்பாகத் திரும்பினார். அவர் முகம் மாறியது. "ராணியை. சும்மாவே எடுக்கலாம்."

"அடுத்த ஆட்டம் உங்கட. களவா காய் மாத்துறவர் தன்ட ராணியைக் கொண்டுவந்து உங்கட குதிரைக்கு முன்னால வைப்பாரா?"

பக்கீர் இதைத்தான் தானும் நினைத்ததுபோலத் தலையாட்டினார்.

"இப்ப இந்த பிஷப்பைப் பாருங்க. பிஷப் சரிவாத்தான் போகும். வீட்டை விட்டு இது வெளிய வரணும் எண்டா ரெண்டே வாசல். ஒண்டில் ராணிக்கு முன்னால உள்ள காலாள் நகரணும், ஒண்டில் குதிரைக்கு முன்னால உள்ளது நகரணும். ரெண்டும் தொடங்கின இடத்திலயே நிக்குது. அப்ப இது எந்த வழியால வந்தது?"

"என்ட ராணிக் காலாளை நான் முதல் ஆட்டத்திலயே ரெண்டு கட்டம் தள்ளினன்," என்றார் மஜீட். "அதை ஆரு திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்த?"

"அதுதான் கேள்வி. பலகை தட்டுப்பட்டு விழுந்திருக்கு. எடுத்து வச்சவர் அழகா வச்சிருக்கார். ஆட்டமா வைக்கத் தெரியல்ல. றெஜினோல்ட் எடுத்து வச்சிருந்தா இப்படி வைக்கமாட்டார். அல்பேட் மேல போயிருந்தாலும் வைக்கமாட்டார். இதைச் செஞ்சவருக்கு செஸ் தெரியா."

"ஆனா இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் தெரியுமே," என்றார் பக்கீர் குழம்பிப்போய்.

"நானும் காலையில அப்படித்தான் நினைச்சன்." சுஹறா குரலை உயர்த்தவில்லை. "ஹாஜியார், பிஷப் நேரே முன்னால போகும் எண்டு நீங்க சொன்னீங்க."

அபூசாலி ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நெற்றி வியர்த்திருந்தது.

"தொப்பியை எடுக்கக்குள்ள சால்வை பட்டு எல்லாம் உருண்டுபோச்சு," என்றார் மெதுவாக. "பள்ளியில தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிஞ்ச நேரம். ஞாபகத்தில உள்ளபடி நிமிர்த்திட்டு ஓடினன். பொறகு விழுத்தினதைச் சொன்னா, ஏன் சரியா வைக்கல்ல எண்டு கேப்பாங்க. தலைவரா இருக்கச் சொல்லிக் கேட்ட நாள் 'செஸ் தெரியுமா' எண்டாங்க. மரியாதைக்கு 'ஓம்' எண்டன். அஞ்சு வருஷமா அந்த 'ஓமை' விட்டு வெளிய வரத் தெரியல்ல."

அல்பேட் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. றெஜினோல்ட் சிரிக்கவில்லை.

"ஹாஜியார், ரெண்டு நாளா என்ட பொஞ்சாதி இமக்குலேற் கடைத்தெருப் பக்கம் போகல்ல," என்றார்.

ஹாஜியார் எழுந்து அவர் கையைப் பிடித்தார். "இந்தக் கூட்டத்தில எழும்பி நானே சொல்றன். உன்ட வீட்டுக்கும் வந்து சொல்றன். மன்னிச்சுக்க, தம்பி."

மஜீட் காய்களைத் தொடக்க இடத்துக்கு அடுக்கினார். கதிரையைத் திருப்பி றெஜினோல்டுக்கு முன்னால் போட்டார். ராணிக் காலாளை இரண்டு கட்டம் தள்ளினார். றெஜினோல்ட் சற்றுத் தயங்கி, குதிரையை எடுத்து வைத்தார். இருவரின் கைகளும் போகப்போக விரைந்தன. "இதில நீ கொஞ்சம் யோசிச்ச." "ஓம், பொறிதான் எண்டு பயந்தன்." வெள்ளிக்கிழமை ஆட்டம் காய்க்குக் காய் திரும்ப எழுந்து நின்றது.

ஜும்ஆவுக்கு எழுந்துபோன அந்த இடத்துக்கு வந்ததும் மஜீட் கையை எடுத்துக்கொண்டார். கறுப்பு ராணி, பக்கத்தில் குதிரை, நடுவில் ஒளிய இடமில்லாத தன் ராசா. அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில நான் தோத்துட்டன்," என்றார். "நீ வெண்டுதான் இருந்திருக்கிற. உனக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமையே தெரியும்."

"ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

மஜீட் தன் ராசாவைப் பலகையில் மெல்லச் சாய்த்துவிட்டு, மேசைக்கு மேலாகக் கையை நீட்டினார். றெஜினோல்ட் அதைப் பற்றிக்கொண்டார். சுஹறா தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனார்.

அபூசாலி ஹாஜியார் பக்கீரின் காதருகே குனிந்தார். "தம்பி, ராசா ஏன் படுத்திட்டார்?"

பக்கீர் தன் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதற் காலாளிலிருந்து சொல்லத் தொடங்கினார்.