ஜஸ்ரினின் விலாசம்

மீனவர் சங்கக் கந்தோரில் இருந்தது ரெண்டு பேர், ஓடினது ஒரு கம்பியூட்டர். அப்படியிருக்க, குடுக்க ஒரு விலாசமும் மிச்சமில்லை என்று சேர்வர் சொன்னது.

சேர்வரைப் பார்த்துக்கொள்கிற றிபாத் நம்பவில்லை. மிஷின் பொய் சொல்லாது என்கிறவன்தான் முதல் பொய்யன். அரிப்பு ஊர்க் கரையில் சங்கத்துப் படகு ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி பூட்டியிருந்தது. கரைக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்ததும் அது சேர்வரிடம் விலாசம் கேட்கும். கிடைத்தால்தான் படகு நிற்கிற இடம் திரையில் புள்ளியாய்த் தெரியும், ஆளின் குரலும் கேட்கும். கிடைக்காவிட்டால் அப்படி ஒரு படகே இல்லை.

மத்தியானம் கிளம்பின கச்சான் என்கிற மேல்காற்று ஓட்டுக்கூரையைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. மற்றப் படகெல்லாம் கரையேறிவிட்டன, பெட்டிகளும் அணைந்து கிடந்தன. கடலில் நின்றது ஒன்றுதான். றிபாத்தின் தம்பி பவ்ஸானுடையது.

போனில் மீட்புப் படகுக்காரன் கத்தினான். "இடத்தைச் சொல்லுங்கோ ஐசே! இல்லாட்டி உங்கட கம்பியூட்டரைக் கடலில எறியுங்கோ, அதாவது நீந்திப் போய்த் தேடட்டும்!"

"பொறுங்கோ, பொறுங்கோ."

காலையில் கூட்டத்துக்கு வந்தவர்களின் போன்கள் வைஃபையில் பிடித்து வைத்த விலாசங்களாக்கும் என்று ஒவ்வொன்றாக அழித்தான். அழித்த கையோடு அந்த இடம் நிரம்பியது. எடுத்தவனுக்குப் பெயர் இல்லை. வைஃபையை அணைத்துவிட்டு அழித்தான். அப்பவும் நிரம்பியது. சேர்வர் வைத்த அலுமாரிக்குள் பச்சை விளக்கு மூச்சு வாங்குவதுபோல மின்ன, அதன் காற்றாடி வெளியே தள்ளின சூட்டோடு ஈர வலையும் அழுகின பாசியும் கலந்த ஒரு மணம் மெல்ல மெல்ல மேசைக்கடியால் ஊர்ந்து அறை முழுக்கப் பரவியது.

பவ்ஸானின் பெட்டி கேட்டுக்கொண்டே இருந்தது. விலாசம். விலாசம்.

ஒதுக்கி வைத்திருந்த ஒன்று மட்டும் காலியாய் இருந்தது. ஜஸ்ரினுடையது.

அதை ஒருவரும் தொடுவதில்லை. கடலோடு போனவனின் விலாசத்தை இன்னொரு படகுக்குக் குடுக்கிற வழக்கம் சங்கத்தில் இல்லை. போன மாரியில் ஜஸ்ரினின் படகு தாழ்ந்தது, உடல் கரை ஒதுங்கவில்லை. அவன் பெண்சாதி றோஸ்மேரிதான் இங்கே கணக்குப் பார்க்கிறவள். பக்கத்துக் கதிரையில், விரலில் செபமாலையோடு இருந்தாள்.

"தம்பி, அதில கை வைக்காதேங்கோ."

"பவ்ஸான் சாகப் போறானக்கா."

"எங்கட ஆளுக்கு வேற இடமில்லை."

"மௌத்தானவருக்கு என்னத்துக்கு விலாசம்?"

சொன்ன பிறகு நாக்குக் கூசியது. விரல் நிற்கவில்லை. குடுத்தான்.

திரையில் ஒரு எச்சரிக்கை. இந்த விலாசத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

சரி என்பதை அமத்தினான்.

அந்தக் கணமே மற்ற விலாசங்கள் எல்லாம் காலியாகின. ஒரு கதவைத் திறக்கும்வரை நெருக்கிக்கொண்டு நின்ற சனம் கலைந்து போனதுபோல.

புள்ளி வந்தது. இடத்தைப் போனில் கத்திச் சொன்னான்.

"நானா," என்று அண்ணனைக் கூப்பிட்டது தம்பியின் குரல்.

"அல்ஹம்துலில்லாஹ்! எஞ்சின் ஓடுதாடா?"

"கரைக்கு வாறன் நானா. தனிய இல்லை."

"ஆரோட?"



புள்ளி கரையைத் தொட்டது. நிற்கவில்லை. மணலில் ஏறியது. றோட்டைக் கடந்தது.

போன் அடித்தது. "போட் கவிண்டு கிடக்கு," என்றான் மீட்புப் படகுக்காரன். இப்போது அவன் கத்தவில்லை. "பெட்டியும் அதிலதான் கிடக்கு. ஆளைக் காணேல்ல."

புள்ளி கந்தோர் வளவுக்குள் வந்தது.

பாசி மணம். ஈரக் காலடி. கண்ணாடிக் கதவில் ஒரு உள்ளங்கை.

பவ்ஸான். அவன் போட்டிருந்த சிவப்புச் சேட்டு. அவனுடைய முகம். வாய் திறந்தபடி. உதடு அசையவில்லை. தண்ணீர் மட்டும் வழிந்தது.

"றோசு," என்றது அந்த உடம்புக்குள்ளேயிருந்து வேறொரு குரல். "நான்தான். திற."

றோஸ்மேரியின் கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. செபமாலை நிலத்தில் கிடந்தது. அவள் கதவுக்குப் போய்விட்டாள்.

கண் ரெண்டும் இன்னும் தம்பியுடையவைதான். நானாவையே பார்த்தன. வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சின.

றோஸ்மேரி சிரித்துக்கொண்டே பூட்டில் கிடந்த திறப்பைத் திருப்பினாள்.