வீட்டுக்குள் ஓடிய பஸ்

அம்மாவை எழுப்பக் கூடாது. கோடை விடுமுறையில் தென்றலின் வீட்டுக்கு இது ஒன்றுதான் சட்டம். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதை மீறவும் நாலு பேர் இருக்கத்தானே செய்வார்கள்? அந்த நாலு பேரும் பென்னலூரில் தென்றலின் தெருவிலேயேதான் இருந்தார்கள்.

தென்றலின் அம்மா கலைமணி, ஒரகடம் பக்கம் இருக்கும் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறார். இந்த மாதம் முழுக்க அவருக்கு நைட் ஷிப்ட். ராத்திரியெல்லாம் லைனில் நின்று குட்டிக் குட்டிப் பாகங்களைச் சரிபார்த்துவிட்டு, விடிந்த பிறகு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். குளித்து, இட்லி சாப்பிட்டு, உள்ளறையில் படுத்தால் சாயங்காலம் வரை தூங்க வேண்டும். ஆனால் தூங்க விட்டால்தானே?

"கலை! வூட்லதானே கீற? இந்த ஊசில கொஞ்சம் நூல் கோத்துக் குடு!"

இது பக்கத்து வீட்டு கங்கம்மாள் அத்தை. அவர் ரகசியம் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும். அவர் போனதும் தண்ணீர் கேன் போடும் ரகு அண்ணன் வந்து கதவைத் தடதடவென்று தட்டுவார். அவருக்குப் பின்னால் கூரியர்காரர் வருவார்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாராவது கங்கம்மாள் அத்தையின் கதவைத் தட்டினால் ஊரே கூடிவிடும். பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மாவை எழுப்பினால் மட்டும் யாருக்கும் தப்பாகவே தெரியவில்லை. இதை நினைத்தால் தென்றலுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது.

ஒருநாள் சாயங்காலம் அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நேத்து லைன்ல நின்னுகினே கண்ண மூடிட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னார். "உடைஞ்ச பீஸ் ஒண்ணு என் கையத் தாண்டிப் போயிடுச்சி. சூப்பர்வைசர் பாத்துட்டாங்க. இன்னொரு வாட்டி ஆச்சின்னா லைன்ல நிக்க வுட மாட்டாங்களாம். பேசாம வேலைய வுட்டுடலாம்னு கீது."

தென்றல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். "எந்த ஊர்லயோ ஒரு பொண்ணு, என் கை பட்ட போன்ல அவங்க அம்மாகூடப் பேசும் இல்ல?" என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

அம்மா வேலையை விடக் கூடாது. அதற்கு அம்மா தூங்கியாக வேண்டும். தூங்க வைப்பது என் பொறுப்பு என்று தென்றல் முடிவு செய்தாள். அவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் செய்ததுதான். சைக்கிள் கற்றுக்கொண்டபோது முழங்கால் இரண்டும் தேய்ந்தும் விடாதவள் அவள்.

மறுநாள் ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டினாள். 'அம்மா தூங்குகிறார். சத்தம் போடாதீர்கள்.'

கங்கம்மாள் அத்தை வந்தார். அட்டையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"அம்... மா... தூங்... கு... அய்யய்யோ! பகல்ல இன்னாத்துக்குத் தூங்குது? கலை! ஏ கலை! ஒடம்புக்கு இன்னாடி?"

அம்மா எழுந்து வந்துவிட்டார். தென்றல் அட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் போட்டாள்.

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் பெயர் திருமலை. அவருக்குக் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை. அட்டை, நூல், தெர்மாகோல் துண்டு என்று வீட்டில் எப்போதும் ஏதாவது கிடக்கும்.

"அப்பா, சத்தம் போடாத காலிங்பெல் செய்யணும்" என்றாள்.

"சத்தம் போடலன்னா அது எப்பிடிம்மா பெல்லு?" என்று அப்பா சிரித்தார். ஆனாலும் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி பகலவனும் பசை டப்பாவோடு வந்து சேர்ந்தான். அவனுக்கு ஆறு வயது. பசையில் பாதி அவன் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

தெர்மாகோலில் ஒரு காக்கா செய்தார்கள். அதன் தலையில் நூலைக் கட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டார்கள். வாசலில் நின்று நூலை இழுத்தால், உள்ளே காக்கா தலையை ஆட்டும். காக்கா தலையாட்டினால் தென்றல் போய்க் கதவைத் திறப்பாள்.

முதல் நாளே ரகு அண்ணன் வந்து, மாட்டை இழுப்பதுபோல் நூலை இழுத்தார். காக்கா பறந்தது. அதன் கூடவே காலண்டரும் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்களும் பறந்தன. அந்தச் சத்தத்தில் அம்மா மட்டுமல்ல, எதிர் வீட்டுக் குழந்தையும் எழுந்துகொண்டது.

"நா மெதுவாத்தான் இழுத்தேன் பாப்பா" என்றார் ரகு அண்ணன் பாவமாக.

அன்றைக்கே நூலின் நடுவில் ரப்பர் பேண்டு ஒன்றைக் கோத்தாள் தென்றல். இனி யார் எப்படி இழுத்தாலும் ரப்பர்தான் நீளும்.

அடுத்த நாள் ஒரு தட்டல் இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. எல்லோரையும் காக்காவே கவனித்துக்கொண்டது. சொட்டும் குழாய்க்கடியில் துணியைப் போட்டாள். பகலவனை விரல் நுனியில் நடக்கச் சொன்னாள். வீட்டில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும்.

சுவரில் இருந்த பல்லி 'இச் இச்' என்றது.

அம்மா விருட்டென்று எழுந்து வெளியே வந்தார். "இன்னா ஆச்சி? வூடு இன்னாத்துக்கு இவ்ளோ அமைதியா கீது? பசங்களுக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்!"

தென்றலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லிக்குக் கூடவா காக்கா செய்ய முடியும்?

மறுநாள் காலையில் அம்மாவை அழைத்துவர இரண்டு பேரும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கம்பெனி பஸ் வந்தது. யாராவது இறங்குவதற்கு எழுந்து நின்றால்தான் டிரைவர் நிறுத்துவார். அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரம் அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். "அம்மா! அம்மா!" என்று இருவரும் கத்தினார்கள். பஸ் போயே போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"ஏம்மா, ஆரன் சத்தம், லாரி சத்தம், பாட்டு வேற. அதுல எப்டிம்மா தூங்குன?" என்று கேட்டாள் தென்றல்.

"அது பாட்டுக்கு கர்ர்ர்னு ஒரே மாதிரி ஓடிகினே கீதா, அப்டியே கண்ணு சொக்குது. அடுத்த ஸ்டாப்ல வண்டி நின்னுச்சி பாரு, டக்குனு முழிச்சிக்கினேன்."

தென்றல் நடுரோட்டிலேயே நின்றுவிட்டாள். அம்மாவுக்கு வேண்டியது அமைதி இல்லை. பஸ்!

"டேய், நம்ம வூட்டுக்குள்ள ஒரு பஸ் ஓட்டணும்டா" என்றாள் தம்பியிடம்.

"நான்தான் டிரைவர்!" என்றான் பகலவன். பஸ் எப்படி வீட்டுக்குள் வரும் என்று அவன் கேட்கவே இல்லை.

முதலில் அம்மாவின் போனில் மழைச் சத்தத்தைப் போட்டுக் கட்டிலருகே வைத்தாள். அம்மா கண்ணயர்ந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மழை நின்றது. 'ஆடித் தள்ளுபடி! அள்ளிக்கிட்டுப் போங்க!' என்று ஒரு விளம்பரம் அலறியது. மே மாதத்தில் எதற்கு ஆடித் தள்ளுபடி என்று தென்றலுக்குப் புரியவில்லை. அம்மா எழுந்துவிட்டார் என்பது மட்டும் புரிந்தது.

பகலவனிடம் சக்கரம் உடைந்த பேட்டரி கார் ஒன்று இருந்தது. அதன் மோட்டார் இன்னும் சுற்றும். அவன் அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறவன். தென்றல் கேட்டதும் காரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அம்மாவுக்குடா" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "டிரைவர் நான்தானே?" என்று உறுதி செய்துகொண்டு கொடுத்தான்.

மோட்டாரை அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். 'ங்ஙீ' என்று கொசுபோலக் கத்தியது. குண்டானுக்குள் வைத்தாள். பெரிய கொசுபோலக் கத்தியது. சாயங்காலம் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். துணி சுற்றிப் பார்த்தார்கள், மரப்பலகை வைத்துப் பார்த்தார்கள். கொசு போகவில்லை.

"நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றார் அப்பா.

"இன்னிக்கே பாத்துக்கலாம்பா" என்றாள் தென்றல்.

அவள் யோசித்தாள். பஸ் ஓடும்போது சீட்டெல்லாம் குலுங்கும். இந்த மோட்டார் குலுங்கவே இல்லையே! பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றைப் பாதியாக வெட்டி, மோட்டாரின் சுற்றும் கம்பியில் ஒரு பக்கமாகச் செருகினாள். மோட்டார் கையில் நிற்காமல் துள்ளியது. அதைக் காலியான தண்ணீர் கேனின் வாயில் வைத்து அப்பா இறுக்கிக் கட்டினார்.

கர்ர்ர்ர்ர்...

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அசல் பஸ்!

மறுநாள் காலை, உள்ளறை வாசலில் கேன் பஸ் கிளம்பியது. அம்மா இரண்டு தரம் புரண்டு படுத்தார். அப்புறம் அசையவே இல்லை. தெருவில் நாய் குரைத்தது, பல்லி கத்தியது, லாரி ஆரன் அடித்தது. அம்மா குறட்டை விட்டார். தென்றலுக்கு அதைக் கேட்கக் கேட்கத் தேனாக இருந்தது.

மதியம் தாண்டியதும் சத்தம் மாறியது. கர்ர்ர்... கர்ர்... கர்... பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. டார்ச் லைட்டில் இருந்து எடுத்த பேட்டரி கையில் தயாராக இருந்தது. ஆனால் அதை மாற்ற மோட்டாரை நிறுத்த வேண்டும். பஸ் நின்றால் அம்மா எழுந்துவிடுவார்!

"டிரைவர், வண்டிய எடு!" என்று தம்பியின் காதில் சொன்னாள்.

பகலவன் வாயைக் குவித்து "கர்ர்ர்" என்றான். தென்றல் பழைய பேட்டரியைக் கழற்றினாள். அவசரத்தில் புது பேட்டரி ஒன்று கையில் இருந்து நழுவி, பீரோவுக்கடியில் உருண்டு ஓடியது. பகலவனுக்கு மூச்சு முட்டியது. அவன் மூச்சு வாங்கும்போது தென்றல் "கர்ர்ர்" என்றாள். அவளுக்கு முட்டியபோது அவன் பிடித்துக்கொண்டான். இரண்டு பேர் முகமும் தக்காளியாகிவிட்டது. இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பேட்டரியை யார் எடுப்பது?

அப்போது காக்கா தலையாட்டியது. திறந்திருந்த கதவு வழியாக கங்கம்மாள் அத்தையே உள்ளே வந்துவிட்டார். பேசுவதற்கு வாயைத் திறந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு! தென்றல் "கர்ர்ர்" என்றபடியே கைகூப்பினாள். உள்ளறையைக் காட்டினாள். கேனைக் காட்டினாள். பீரோவின் அடியைக் காட்டினாள்.

அத்தை உள்ளறையை எட்டிப் பார்த்தார். அயர்ந்து தூங்கும் அம்மாவைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கேன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"கர்ர்ர்ர்ர்ர்ர்ர்..."

அடடா, அது என்ன குரல்! சும்மா நெடுஞ்சாலையில் போகும் வண்டிபோல அடிவயிற்றில் இருந்து உருண்டு வந்தது. பகலவன் தன் டிரைவர் வேலையையே மறந்து வாயைப் பிளந்தான். தென்றல் தரையில் படுத்து, துடைப்பக்குச்சியால் பேட்டரியைத் தள்ளி எடுத்தாள். பொருத்தினாள். கேன் மறுபடி கர்ர்ர் என்றது.

அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருதரம் இருமினார். பிறகு, தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குசுகுசுவென்று பேசினார்.

"இத்தினி நாளா நாந்தான் எழுப்பிகினு இருந்தனா?"

"ஆமா அத்த."

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதாடி?"

"போர்டு வெச்சேனே அத்த."

"அதையும் சத்தமாத்தான் படிச்சேன் இல்ல?" அத்தை தலையில் மெல்லத் தட்டிக்கொண்டார். "வர்றவங்கள நான் வாசல்லயே மடக்கறேன். நீ வண்டிய கவனி" என்று ஓசைப்படாமல் எழுந்து வெளியே போனார்.

வெயில் சாய்ந்த பிறகுதான் அம்மா எழுந்து வந்தார். கண்ணில் சிவப்பே இல்லை. கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தார்.

"எத்தினி நாளாச்சி இப்டித் தூங்கி! கனவுல பஸ்ஸு போய்கினே இருந்துச்சி. நடுவுல டிரைவர்தான் ஒருவாட்டி இருமினாரு" என்றார்.

பகலவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இருட்டத் தொடங்கியதும் அம்மா தலையை வாரி, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று தென்றலின் கன்னத்தைத் தட்டினார்.

"வேலைய வுடறேன்னு சொன்னேன் இல்ல? அத மறந்துடு. இன்னிக்கு என் லைன்ல ஒரு பீஸ் தப்பிப் போகட்டும், பாக்கறேன்!"

தென்றலுக்கு மனசு நிறைந்துவிட்டது. 'போய்ட்டு வாம்மா' என்று சொல்ல ஆசையாக வாயைத் திறந்தாள்.

"கர்ர்ர்" என்றுதான் வந்தது.