ஸ்பூல் பெட்டிக்குள் பீங்கான் தட்டு

மே மாதத்து விருத்தாசலத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒருவர் வந்து கதவைத் தட்டினால், அவருக்கு நிஜமாகவே ஏதோ கஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் யாரும் அந்த வெயிலில் வீதிக்கு வர மாட்டார்கள்.

ஆதிலட்சுமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போலீஸ் கைரேகைப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகாவது நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்திருந்தாள். ஊர் விட்டால்தானே? நகை காணோம், பத்திரம் காணோம் என்று யாராவது வந்து நின்றுகொண்டே இருந்தார்கள். அவள் கணவர் ராஜாங்கத்துக்கு அதில் கொள்ளை ஆசை. லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனைவியின் கேஸ்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. அவள் எழுந்து நிற்பதற்குள் அவர் கதவைத் திறந்து, வந்தவளுக்கு நாற்காலியும் போட்டுவிட்டார்.

வந்தவள் பூர்ணிமா, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். தண்ணீரைக் குடித்து முடிக்கும் முன்பே அழ ஆரம்பித்தாள்.

“எங்கப்பா கொளஞ்சிநாதனைத் தெரியுமாக்கா? செராமிக் கம்பெனியில பீங்கானுக்கு அச்சு செய்யிறவரா இருந்தாரு, பேண்டு செட்டுல கிளாரினெட்டும் வாசிச்சாரு.”

“அமெரிக்கா கொளஞ்சியா?” என்றார் ராஜாங்கம், உற்சாகமாக.

“அதான், அந்தப் பேருதான்!” என்றாள் அவள் கசப்பாக. “எனக்கு நாப்பத்தி ரெண்டு வயசாவுது. ஸ்கூலு படிக்கிறப்பவே அமெரிக்கா பொண்ணுன்னு கிண்டல் பண்ணுவாங்க. ஏதோ வெள்ளைக்காரன்கூட எங்கப்பா கிளாரினெட் வாசிச்சாராம், பெரிய புளுகன்னு. அவரு புளுகலக்கா. இதைப் படிங்க.”

அது அமெரிக்காவிலிருந்து வந்த கடிதத்தின் அச்சுப்பிரதி. எழுதியவள் ரூத் டன்லோ. அவளுடைய தகப்பனார் ஹார்வி டன்லோ ஜாஸ் சாக்ஸபோன் வாசித்தவர். வெளிநாடுகளில் அவர் மேடையில் வாசித்துப் பதிவாகி, பிறகு தொலைந்துபோன டேப்புகளை அவள் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரு இசைத்தட்டாக வெளியிட்டு, கூட வாசித்தவர்கள் பெயர்களையும் போடப்போகிறாள். தகப்பனாரின் டைரியிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து எழுதியிருந்தாள்:

‘ஆகஸ்ட் 1973. விருத்தாசலத்தில் ரயில் எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. பீங்கான் செய்கிறவர்களின் கூடத்தில் வாசித்தேன். உள்ளூர் பேண்டு செட்டின் கிளாரினெட்காரர் ஒருவர் என்னோடு வாசித்தார். அப்படி ஒரு மூச்சை நான் எங்கும் கேட்டதில்லை. ஒலிபெருக்கிக்காரர் ஸ்பூல் டேப்பில் பதிவு செய்தார். புறப்படும்போது கிளாரினெட்காரர் ஒரு பீங்கான் குதிரை கொடுத்தார். “உங்கள் மகளுக்கு. இதன் ஜோடி என் மகளிடம் இருக்கிறது” என்றார். அவர் பெயரை எழுதிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.’

“என் மகளிடம்னு சொல்லியிருக்காரு பாருங்க. அது நான்தான்கா!” என்றாள் பூர்ணிமா. “எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? பக்கவாதம் வந்து மூணு மாசமா அப்பாவுக்குப் பேச்சு இல்ல. நாளை எண்ணாதீங்கன்னுட்டாரு டாக்டரு. ஊரு முன்னாடி அந்த டேப்பைப் போட்டு, இது எங்கப்பான்னு அவரு காது கேக்கச் சொல்லணும். ஆனா அன்னைக்குப் பதிவு பண்ணினவரு மகன், சவுண்ட் சர்வீஸ் பாண்டியன், டேப்பு காணோம்ங்கிறான். எவனுக்கோ வித்துட்டான். நாளைக்கு போலீஸுக்குப் போறேன்.”

ஆதிலட்சுமி பெருமூச்சு விட்டாள். “போலீஸு ஓடிப்போயிடாது. ஒரு நாள் பொறு. ஏங்க, வண்டியை எடுங்க.”

பாண்டியன் கடையில் புனல் ஸ்பீக்கர்களும் சீரியல் பல்பு மாலைகளும் குவிந்து கிடந்தன. பாண்டியன் முகம் கறுத்துப்போயிருந்தது.

“நான் ஏன் மேடம் எடுக்கப் போறேன்? எங்கப்பா காலத்து மெஷினு, அதைப் பதிவு பண்ணின வருஷமே ரிப்பேராகிப் படுத்துடுச்சு. அந்த அமெரிக்கா அம்மா லெட்டர் வந்ததும் போன வாரம்தான் பெல்ட் மாத்தி ஓட வெச்சேன். ஓட வெச்சுட்டு ஆசையாப் பெட்டியைத் திறந்தா, உள்ள இது இருக்குது.”

அவன் நீட்டியது வட்டமான வெள்ளைப் பீங்கான் தட்டு. ஏழு அங்குல ஸ்பூல் இருக்க வேண்டிய அட்டைப் பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு நூல்கூட ஆடவில்லை.

“பார்த்தியா லட்சுமி? வெயிட்டு சரியா இருக்கணும்னு வெச்சிருக்கான்!” என்றார் ராஜாங்கம். “இந்த ஊர்ல சூளை வெச்சிருக்கிற எவன் வேணா ஒரு தட்டைச் சுட்டுத் தரலாம். பாண்டியனே சொல்லிச் செஞ்சிருக்கலாம்.”

“சார்!” என்று பாண்டியன் பதறினான்.

ஆதிலட்சுமி காதில் வாங்கவில்லை. பெட்டியின் மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதே இடத்தில் வைத்து வைத்துப் பொருக்காகத் தடித்திருந்தது. திறந்தபோது அது நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

“பூஜை ஏதாவது ஒரு வருஷம் விட்டுப்போயிருக்குதா?”

“எங்கப்பா ஒரு வருஷம் தவறினதில்ல மேடம். பதிவான வருஷத்துலருந்து எல்லாப் பெட்டியையும் கீழ இறக்கி, தொடச்சு, பொட்டு வெச்சுதான் மறுபடி அடுக்குவாரு. நானும் அப்படித்தான்.”

“இந்த டேப்பைப் போட்டுக் காட்டச் சொல்லி இத்தனை வருஷத்துல யாராவது கேட்டாங்களா?”

பாண்டியன் யோசித்தான். “ஒருத்தரும் கேக்கல.”

“கொளஞ்சிநாதன்?”

“அவரு எங்க தெருவழியாத்தான் தினம் வேலைக்குப் போவாரு. ஒரு நாளும் கேக்கல மேடம்.”

பூர்ணிமாவின் வீட்டுக்குப் போகும்போது மணி ஐந்தரை. கொளஞ்சிநாதன் கட்டிலில் கிடந்தார். வலது பக்கம் செத்துப்போயிருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

“ஐயா, அந்த டேப்பு எங்க இருக்குதுன்னு தெரியுமா?” என்று ஆதிலட்சுமி கேட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அந்தப் பேச்சை எடுத்தாலே இப்படித்தான்கா. அவ்வளவு வருத்தம்” என்றாள் பூர்ணிமா.

சுவரில் கல்யாணப் போட்டோ. கீழே 12.6.1980 என்று தேதி. சாமி அலமாரியின் அடித்தட்டில் தட்டையான, வட்டமான வெள்ளைப் பீங்கான் ஜாடி ஒன்று. மூடியைச் சுற்றி மெழுகு.

“அது அப்பா செஞ்சது. உள்ள காசித் தீர்த்தச் சொம்பு இருக்குது. நான் போற அன்னைக்குத்தான் திறக்கணும்னு சொல்லிட்டாரு. நாங்க யாரும் தொட்டதில்ல.”

“அப்பா காசிக்குப் போனாரா?”

“திருப்பதி தாண்டிப் போனதில்லக்கா. யாரோ கொண்டாந்து குடுத்திருப்பாங்க.”

ஆதிலட்சுமி ஜாடி மூடியின் மேல் கையைச் சாண் போட்டு வைத்துப் பார்த்தாள். பிறகு, பேண்டு செட்டில் வேறு யார் கிளாரினெட் வாசித்தார்கள் என்று கேட்டாள்.

“கோவிந்தராசு மாமான்னு ஒருத்தரு. அப்பாவோட உசுரு சிநேகிதரு. வெள்ளைக்காரரு வந்த அந்த வருஷமே செப்டம்பர்ல மஞ்சக்காமாலையில போயிட்டாராம். அவரு சம்சாரம் செல்வநாயகி அத்தை மங்கலம்பேட்டையில மக வூட்ல இருக்காங்க.”

வெளியே வந்ததும் ஆதிலட்சுமி வண்டியில் சாய்ந்து நின்றாள். அன்றைக்கு அவளுக்கு முழங்கால் வலி பெரிதாகத் தெரியவில்லை, மனசுதான் ஓய்ந்துபோயிருந்தது. “நாளைக்குக் காலையில அந்தச் செல்வநாயகி அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. பாண்டியனை மெஷினோட வரச் சொல்லுங்க.”

“திருடன் யாருன்னு தெரிஞ்சிடுச்சா லட்சுமி?”

“தெரிஞ்சிடுச்சுங்க. தெரியாமலே இருந்திருக்கலாம்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். செல்வநாயகிக்கு எழுபத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு. சுவரோரமாக நாற்காலியில் அமர்ந்து, கொளஞ்சிநாதனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதல்ல பாண்டியன்” என்று ஆதிலட்சுமி ஆரம்பித்தாள். “இந்தச் சந்தனப் பொருக்கைப் பாருங்க. மேலருந்து அடிவரைக்கும் ஒரே விரிசல். நடுவுல எந்த வருஷமாவது யாராவது மூடியைத் திறந்திருந்தா, அடியில இருக்கிற பொட்டு அப்பவே உடைஞ்சிருக்கும், அடுத்த வருஷத்துச் சந்தனம் அந்த விரிசலுக்குள்ள இறங்கியிருக்கும். அப்படி இல்ல. முதல் பொட்டு வெச்சது எழுபத்தி மூணாம் வருஷத்து ஆயுத பூஜைக்கு. அதுக்கப்புறம் போன வாரம்தான் இதைத் திறந்திருக்காங்க. டேப்பு போனது ஆகஸ்டுக்கும் பூஜைக்கும் நடுவுல. அப்ப பாண்டியன் பொறந்திருக்கவே மாட்டான்.”

“நான் எழுபத்தி எட்டு மேடம்!” என்றான் பாண்டியன், தப்பித்த மூச்சோடு.

“அடுத்தது இந்தத் தட்டு. பூஜைக்குப் பெட்டியைக் கையில தூக்குவாங்க, லேசா இருந்தா மாட்டிக்குவோம்னு தெரிஞ்ச ஆளு வெச்சது. எவன் வேணா சுடலாம்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. சுடலாம். ஆனா மண்ணு காயும்போது சுருங்கும், சூளையில இன்னும் சுருங்கும். ஏழு அங்குலத்துக்கு ஏழாவே செஞ்சா பெட்டிக்குள்ள லொடலொடன்னு ஆடும். எவ்வளவு சுருங்கும்னு நூல் பிசகாமக் கணக்குப் போட்டுப் பெருசாச் செஞ்சிருக்காங்க. அது அச்சு செய்யிற கை.”

ராஜாங்கத்தின் முகம் மாறியது. அவர் கட்டிலைப் பார்த்தார். பூர்ணிமாவும் பார்த்தாள்.

“அக்கா, என்ன சொல்ல வரீங்க?”

“ஊரே புளுகன்னு சொல்லுது. நிரூபிக்கிற டேப்பு தினம் போற தெருவுலயே இருக்குது. அம்பது வருஷத்துல ஒரு நாளாவது போடுப்பான்னு கேக்க மாட்டாரா? கேக்கலம்மா. ஏன்னா அதுல உங்கப்பா வாசிக்கல.”

“பொய்யி!” பூர்ணிமா எழுந்துவிட்டாள். “லெட்டர்ல இருக்குதே! என் மகளிடம்னு...”

“எழுபத்தி மூணுல நீ எங்கம்மா இருந்த?” ஆதிலட்சுமியின் குரல் தாழ்ந்தது. “உங்கப்பாவுக்குக் கல்யாணமே எம்பதுல. அதோ போட்டோவுல தேதி இருக்குது. அன்னைக்குக் கிளாரினெட் வாசிச்சவருக்கு ஏற்கனவே ஒரு பொண் கொழந்தை இருந்துச்சு.”

பூர்ணிமா சுவரைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ண வேண்டிய கணக்குகூட இல்லை அது. ஆசை கண்ணை மறைத்திருந்தது, அவ்வளவுதான். பொத்தென்று உட்கார்ந்தாள்.

“எங்கப்பா திருடன்னு சொல்றீங்க.”

“இதையும் கேளு. எடுத்ததை அழிக்கணும்னா கஷ்டமே இல்ல. பக்கத்துலயே சூளை எரியுது, உள்ள வீசினா ஒரு நொடி. இவரு வீசல. ஈரம் படாம இருக்க அளவெடுத்து ஜாடி செஞ்சு, மெழுகு வெச்சு, சாமி அலமாரியில வெச்சாரு. நான் போற அன்னைக்குத் திறங்கன்னாரு. உசுரோட இருக்கிறப்ப சொல்ல வெக்கம், செத்த பிறகாவது தெரியட்டும்னு ஒரு எண்ணம். சரிதானா ஐயா?”

கொளஞ்சிநாதனின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. இடது கையைத் தூக்கி அலமாரியைக் காட்டினார். பிறகு அந்தக் கையை செல்வநாயகி பக்கம் நீட்டினார்.

ராஜாங்கம் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார். வெள்ளைத் துணிக்குள் ஸ்பூல் இருந்தது. பாண்டியன் அதை மெஷினில் மாட்டினான்.

முதலில் மழைச் சத்தம், யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம். சாக்ஸபோன் ஒரு கேள்வி மாதிரி எழுந்து நின்றது. அதற்குக் கிளாரினெட் பதில் சொன்னது. நம் கல்யாண ஊர்வலத்து ராகம்தான், ஆனால் அது இறங்கவே இல்லை. மூச்சு முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் இன்னொரு படி ஏறியது. கூடத்திலிருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். கடைசியில் ஒலிபெருக்கிக்காரர் குரல்: “கிளாரினெட், நம்ம கோவிந்தராசு!”

டேப் ஓடி முடிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. யாரும் நிறுத்தப் போகவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள் செல்வநாயகி. “கொழந்தையை மடியில வெச்சுக்கிட்டு முதல் வரிசையில உக்காந்திருந்தேன். அந்தக் குதிரையோட ஜோடி இன்னும் என் மககிட்டதான் இருக்குது.”

“தெரிஞ்சுமா அத்தை?” என்றாள் பூர்ணிமா. “தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“அவரு போனப்ப எனக்கு இருபத்தொரு வயசு. கையில கொழந்தை. வாரம் தவறாம அரிசியும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கிட்டு வந்தது இந்த அண்ணன்தான். ஊர்ல ஆளு மாத்தி இவரு வாசிச்சாருன்னு சொன்னாங்க, இவரும் சும்மா இருந்துட்டாரு. இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன், பாண்டியனோட அப்பாவையும் பேச வேணாம்னுட்டேன். அப்ப எனக்குச் சோறு வேண்டியிருந்துச்சு.” அவள் எழுந்து வந்து, நீட்டியபடியே இருந்த அந்த இடது கையைப் பிடித்துக் கட்டிலில் வைத்தாள். “இப்ப எங்க வூட்டுக்காரரு பேரு எனக்கு வேணும், அண்ணா. எடுத்துக்கட்டுமா?”

கொளஞ்சிநாதன் தலையை அசைத்தார். ஒரு தடவை அசைத்தது போதாது என்பதுபோல அசைத்துக்கொண்டே இருந்தார்.

ஆதிலட்சுமி வாசல் பக்கம் நகர்ந்தாள். ராஜாங்கம் முதல் முறையாக எந்த யோசனையும் சொல்லாமல் அவள் பின்னால் வந்தார்.

பூர்ணிமா எழுந்து கட்டில் அருகே போனாள். அப்பாவின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு போனை எடுத்து, அமெரிக்காக்காரிக்கு எழுதிவைத்திருந்த பதிலைத் திறந்தாள். அதில் கொளஞ்சிநாதன் என்று இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

“அத்தை, மாமாவோட அப்பா பேரு என்ன? இனிஷியல் போடணும்.”

“பி போடும்மா. பெருமாள்சாமி மவன் கோவிந்தராசு.”