இரண்டு சட்னி

மறைபுரத்தில் காற்றுக் காவலர்களின் வீடுகளில் இட்லிக்கு ஒரே ஒரு சட்னிதான் வைப்பார்கள். சிக்கனம் ஒன்றும் இல்லை. இரண்டு வைத்தால், எதைத் தொடுவது என்று தீர்மானிக்க முடியாமல் சாப்பிடுகிறவர் உட்கார்ந்தே இருப்பார். இட்லி காய்ந்துபோகும், வேலைக்குப் போகும் நேரமும் தாண்டிவிடும். குயிலி ஆரம்பத்தில் ஒருமுறை அந்தத் தப்பைச் செய்தாள். தண்ணீர்ப் பிரிவில் வேலை முடிந்து மாலையில் அவள் திரும்பியபோதும், அவள் கணவன் நன்மாறன் அதே தட்டுக்கு முன்னால் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தான். முகத்தில் பசியும் இல்லை, சலிப்பும் இல்லை. “ரெண்டுலயும் நியாயம் இருக்கு” என்று மட்டும் சொன்னான்.

மறைபுரம், நிலவின் மறுபக்கத்தில், பூமி கண்ணிலேயே படாத பகுதியில் பாறையைக் குடைந்து கட்டிய ஊர். அங்கே மூச்சு விடும் காற்று குழாயில்தான் வரும். குழாய்களின் கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் காற்றுக் காவலர்களின் வேலை. முன்பு ஒரு காவலர், கசிவு ஏற்பட்ட பகுதியில் தன் தம்பி மாட்டிக்கொண்டான் என்பதற்காக, மூட வேண்டிய கதவை மூடாமல் நின்றுவிட்டார். தம்பியும் பிழைக்கவில்லை, பக்கத்துத் தெருவும் பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் உளவியல் ஆய்வகத் தலைவர் டாக்டர் ரெபேக்காவின் பேச்சு எடுபட்டது. உணர்ச்சிதான் சிந்தனையைக் கெடுக்கிறது, அதை விலக்கிவிட்டால் மிஞ்சுவது சுத்தமான அறிவு என்பது அவருடைய கொள்கை. அரிசி அளவில் ஒரு கருவி செய்து காவலர்களின் பின்மண்டையில் பொருத்தினார். அதற்குச் சமனி என்று பெயர். பயம், ஆசை, கோபம், பாசம் எதுவும் அதைத் தாண்டி எண்ணத்துக்குள் நுழையாது.

வேலையில் குறை சொல்ல இடமில்லை. கசிந்தால் மூடு என்று விதி இருந்தது, மூடினார்கள். விதி இல்லாத இடங்களில்தான் சிக்கல். எந்தச் சட்டையைப் போடுவது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்பதையெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கணவன்மார்கள் எப்போதும் அப்படித்தானே என்று கேட்கிறவர்கள், விளக்கை அணைத்த பிறகு நன்மாறனைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லும்வரை இருட்டில் விழித்தபடியே கிடப்பான். சுவரைப் பார்ப்பதற்கும் அவளைப் பார்ப்பதற்கும் அந்தக் கண்ணில் வித்தியாசம் இருக்காது. பக்கத்தில் படுக்கவே குயிலிக்குப் பயமாக இருந்தது.

பணிக்காலம் முடிந்ததும் சமனியைக் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒருவருடைய மூளை அவருக்கே சொந்தம். ஆகவே சம்மதத்தை அவரே தன் வாயால் சொல்ல வேண்டும். குடும்பத்தார் தகவல் தரலாம். கெஞ்சக் கூடாது, அழக் கூடாது, கட்டளையிடக் கூடாது, தொடக்கூடக் கூடாது. குறித்த கெடுவுக்குள் கழற்றாவிட்டால் நரம்புகள் சமனியைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். பிறகு அது அங்கேயே இருக்க வேண்டியதுதான். குயிலி ஆய்வகத்துக்குப் போன அன்று மாலையோடு நன்மாறனின் கெடு முடிவதாக இருந்தது.

ஆய்வகத்தின் கூடத்தில் பணி முடிந்த காவலர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நன்மாறனும் அவர்களில் ஒருவன். அத்தனை பேர் இருந்தும் ஒரு செருமல் இல்லை. ஒருவர் கால் மேல் கால் போடப் போய், எந்தக் காலை மேலே போடுவது என்று தெரியாமல், பாதி தூக்கிய காலோடு அப்படியே இருந்தார். குயிலி உள்ளே வந்தபோது எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின, ஒரே நேரத்தில் பழையபடி முன்னால் பார்த்தன. அவர்களில் பலருக்குக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. வீட்டுக்காரர்கள் வேளாவேளைக்கு ஒரே ஒரு பதார்த்தம் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதுவரை ஒருவர்கூடச் சம்மதம் சொல்லவில்லையே என்று குயிலி கேட்டாள். டாக்டர் ரெபேக்கா சங்கடப்படவில்லை. எல்லாரும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள், பதற்றமில்லாத சிந்தனையை நாம் பார்த்ததே இல்லை, அதனால்தான் நமக்கு விநோதமாகப் படுகிறது என்று விளக்கினார். பிறகு நன்மாறனின் மூளையைக் காட்டும் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கழட்டிக்கிறதப் பத்தி என்னங்க நினைக்கிறீங்க?” என்று நன்மாறனிடம் கேட்டாள் குயிலி.

“கழட்டினா சந்தோஷம் வரும், துக்கமும் வரும். கழட்டலைன்னா ரெண்டும் இல்லை. சமமா இருக்கு.”

“நான் இருக்கேனே.”

“நீ ரெண்டு பக்கத்துலயும் இருக்கே” என்றான் அவன்.

அழுதால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கண்ணீரை மறைக்கக் குயிலி குனிந்து பையைத் துழாவியபோது, தண்ணீர்க் குப்பியின் மூடி ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் முத்திரை, மறுபக்கம் வெறுமை. இதைச் சுண்டிப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். மூடிக்கு உணர்ச்சி கிடையாது, அதனால் தடை இல்லை என்று திரையைப் பார்த்தபடியே அவர் சொன்னார். சுண்டுகிற கைக்கு உணர்ச்சி இருக்கிறதே என்று அந்த அறிவாளிக்குத் தோன்றவே இல்லை.

முத்திரை விழுந்தால் கழற்றுவது என்று ஏற்பாடு. நிலவில் எதுவும் சட்டென்று விழாது. மூடி புரண்டு புரண்டு மேலே போனது. கூடத்தில் இருந்த அத்தனை முகங்களும் அதோடு நிமிர்ந்தன, அதோடு மெல்லத் தாழ்ந்தன. விழுந்தது வெறும் பக்கம்.

“வேண்டாம்னு வந்திருக்கு” என்றான் நன்மாறன்.

“மூணு தடவை போடணும். அதுதான் முறை.”

அவன் யோசித்தான். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இரண்டாவது முறையும் வெறும் பக்கமே விழுந்தது. முறை என்பது உண்மையில் ஐந்து தடவை என்றாள் குயிலி. அதற்கும் அவனிடம் மறுப்பு இல்லை. ஐந்தும் போன பிறகு, முத்திரை விழும்வரை போடுவதுதான் முறை என்று கூசாமல் சொல்லிவிட்டாள். அதையும் அவன் எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினான். கடைசியில் முத்திரை விழுந்தது.

“கழட்டிடுங்க” என்று நன்மாறன் எழுந்து நின்றான். அவர்கள் கூடத்தைக் கடந்தபோது, அங்கிருந்த கண்கள் எல்லாம் அவள் கையில் இருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிக்கொண்டு அவன் அழுதான். மறுநாள் காலையில் இரண்டு சட்னி வைத்தாள். இரண்டையும் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, உப்பு குறைவு என்று சண்டை போட்டான். அந்தச் சண்டை அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி முடியாது.

சில நாட்களில் ஊர்க் கூட்டம் கூடியது. டாக்டர் ரெபேக்கா நன்மாறனை மேடையேற்றி, உணர்ச்சியின் நிழல்கூடப் படாமல் தன் வாழ்க்கையைப் பற்றிச் சரியான முடிவெடுத்த முதல் மனிதர் என்று அறிமுகப்படுத்தினார். எப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். நன்மாறன் குடும்பக் கடமையைச் சொன்னான், உடல்நலத்தைச் சொன்னான், ஊரின் எதிர்காலத்தைச் சொன்னான். ஒவ்வொன்றும் நல்ல காரணம். அத்தனையும் சமனியைக் கழற்றிய பிறகு அவனுக்குத் தோன்றியவை. அவன் பொய் சொல்லவில்லை. முழுக்க நம்பித்தான் பேசினான். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அந்த உற்சாகத்திலேயே, அடுத்ததாகக் குயிலி வேலை பார்க்கும் தண்ணீர்ப் பிரிவுக்கும் சமனி பொருத்தலாமா என்று யாரோ கேட்க, ஊரே கையைத் தூக்கியது. முதலில் தூக்கியவன் நன்மாறன்.

வீட்டுக்கு வந்ததும் குயிலி அந்த மூடியை அவன் கையில் வைத்து மூடினாள்.

“என் கெடு வர்றப்ப நீங்க இதைச் சுண்டணும். முத்திரை விழற வரைக்கும் விடாம சுண்டணும்.”

அவன் வாஞ்சையோடு அவள் கன்னத்தைத் தட்டினான். “இதெல்லாம் எதுக்கு? அன்னைக்கு நீ சுண்டினது உன் மனத் திருப்திக்கு. நான் அதுக்கு முன்னாடியே யோசிச்சு முடிவு பண்ணிட்டேன். நீயும் யோசிச்சு வந்துடுவே.”

மூடியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, தட்டை இழுத்து, இரண்டு சட்னிகளில் தக்காளிச் சட்னியைத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். ஏன் அதைத் தொட்டாய் என்று கேட்டிருந்தால், அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பான்.